எச்.ஆர். யாருடைய ஆள்?

"அண்ணை, என்னை நிப்பாட்டிப்போட்டாங்கள். உங்களுக்கு அங்க எச்.ஆரில ஆரையும் தெரியுமே?"

கிளிநொச்சியில் ஒரு தேநீர்க்கடையில் என்னிடம் இப்படிக் கேட்டவர் ஒரு சாரதி. ஏழு வருடம் வெள்ளை லாண்ட் குரூசர் ஓட்டியவர். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "தம்பி, உம்மட கடிதத்தில வேலை தந்தது ஆர் எண்டு போட்டிருக்கு?" அவருக்குத் தெரியவில்லை. யூ.என். வேலை என்றார். கடிதம் வீட்டில் எங்கேயோ இருக்கும் என்றார்.

இலங்கையின் வடக்கே வன்னியில், ஐக்கிய நாடுகளைக் குறிக்கும் யூ.என்., அரசசார்பற்ற நிறுவனத்தைக் குறிக்கும் என்.ஜி.ஓ. என்ற சொற்கள் தெரியாத வீடு இல்லை. 2002 சமாதான காலத்தில் சில நிறுவனங்கள் வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரைக்கு நிறைய வந்தன. 2009 க்குப் பிறகு மீள்குடியேற்றத்தோடு இன்னும் வந்தன, பிறகு ஒவ்வொன்றாகப் போயின. கண்ணிவெடி அகற்றும் வேலையில் மட்டும் எத்தனை குடும்பங்கள் அடுப்பு மூட்டியிருக்கின்றன! அப்படியிருந்தும் எச்.ஆர். என்கிற மனிதவளப் பிரிவைப் பற்றி ஊரில் உலாவுவது இரண்டே கதைதான். எச்.ஆர். என்றால் ஆள் எடுக்கிற இடம், தெரிந்தவர் இருந்தால் காரியம் நடக்கும் என்பது ஒன்று. யூ.என்.மேல் வழக்கே போட முடியாது, அதனால் அங்கே வேலை செய்கிறவருக்கு உரிமை என்று ஒன்றும் கிடையாது என்பது மற்றது. இரண்டிலும் ஒரு நுனி உண்மை. மிச்சம் முழுக்கப் பிழை.

நான் பல வருடம் இப்படியான அலுவலகங்களின் நிர்வாகப் பிரிவில் இருந்தவன். வக்கீல் இல்லை. புதிதாக வேலைக்குப் போகிற ஒருவருக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

சிறுபோகக் கூட்டம்

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு எச்.ஆர். வேலை என்ன என்று விளக்குவது இலகு. காலபோகம் என்கிற மாரிப் பயிரை மழை பார்த்துக்கொள்ளும். சிறுபோகம் என்கிற கோடைப் பயிருக்குக் குளத்துத் தண்ணீர்தான், அது எல்லோருக்கும் போதாது. ஆகவே குளத்து மதகான துருசு திறப்பதற்கு முன்பே கூட்டம் வைத்து விடுவார்கள். எத்தனை ஏக்கர் செய்யலாம், ஒருவருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் திகதி தண்ணீர் திறப்பது, எந்தத் திகதியோடு நிறுத்துவது, எல்லாம் அங்கே முடிவாகும். பிறகு வாய்க்கால் கரையில் நின்று "எனக்கு மட்டும் இன்னும் அரை மணித்தியாலம்" என்று கேட்கிறவரோடு தண்ணீர் திறக்கிறவர் மல்லுக்கட்டத் தேவையில்லை. கூட்டத்தில் முடிவெடுத்தது என்று சொன்னால் போதும்.

மனிதவளக் கொள்கை என்பது இதுதான். ஆள் எடுப்பது, சம்பளம், லீவு, இடமாற்றம், தண்டனை, வேலை முடிவு என்று ஒவ்வொன்றிலும் ஆளைப் பார்த்து முடிவெடுக்காமல், ஆள் வருவதற்கு முன்பே எழுதிவைத்த தீர்மானங்கள்.

எழுதி வைத்தால் மட்டும் ஊர் அடங்கிவிடுமா? இரவில் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் கரையை வெட்டித் தன் வயலுக்குத் திருப்புகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். கீழ் வயல்காரர் வந்து முறையிடுவார். வெட்டியவர், "நான் எங்க வெட்டினான், நண்டு துளைச்சது" என்பார். இரண்டு பேரையும் கேட்டு, நண்டா மண்வெட்டியா என்று போய்ப் பார்த்து, ஒரு முடிவு சொல்லி, அடுத்த போகமும் இருவரும் அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும். நிறுவனத்துக்குள் இந்த வேலையின் பெயர் ஊழியர் உறவு. முறைப்பாடு, ஒழுக்காற்று விசாரணை, சமரசம் மூன்றும் இதற்குள் அடங்கும். எச்.ஆர். என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்வது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர்களுக்கு வாய் உண்டு. நிறுவனத்தில் கொள்கையை எழுதுவது நிறுவனம்தான். ஊழியர் சங்கம் இருந்தால் அதன் கருத்தைக் கேட்பார்கள். எச்.ஆர். உத்தியோகத்தருக்குச் சம்பளம் போடுவதும் அதே நிறுவனம். ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன்: எச்.ஆர். நிர்வாகத்தின் ஆள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நிர்வாகமும் தான் எழுதிய விதிக்குக் கட்டுப்பட்டது. முகாமையாளர் விதியைத் தாண்டும்போது "சேர், இது சரிவராது" என்று சொல்வதும் எங்கள் வேலைக்குள் வரும். எல்லோரும் சொல்வதில்லை, அது வேறு கதை. எப்படியோ, எச்.ஆரில் ஆரைத் தெரியும் என்று தேடுவதைவிட எந்த விதி தனக்குப் பொருந்தும் என்று தேடுகிறவருக்கே பிடிமானம் கிடைக்கிறது.

ஏ9 வீதியும் ரயில் பாதையும்

சரி, எந்த விதி? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வருகிறபோது ஏ9 வீதியும் ரயில் பாதையும் பல இடங்களில் பக்கத்துப் பக்கமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் ஆட்களும் சாமான்களும் போகின்றன. இரண்டும் ஒரே ஊருக்குத்தான் போகின்றன. ஆனால் வீதியில் நிற்கிற பொலிஸ்காரர் ரயிலை மறித்து லைசன்ஸ் கேட்க மாட்டார்.

சர்வதேச அரசசார்பற்ற நிறுவனம் வீதியில் ஓடும் லொறி மாதிரி. தலைமை அலுவலகம் லண்டனில் இருக்கலாம், ஜெனீவாவில் இருக்கலாம், பணம் எந்த நாட்டிலிருந்தும் வரலாம். இங்கே ஆள் வைத்து வேலை செய்தால் இந்த நாட்டுத் தொழிற்சட்டம்தான். கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்றவை இந்த வகை.

யூ.என். ரயில் மாதிரி. யுனிசெப், அகதிகளுக்கான யூ.என்.எச்.சி.ஆர்., உலக உணவுத் திட்டம், சர்வதேச தொழில் அமைப்பான ஐ.எல்.ஓ. எல்லாம் இந்த வகைக்குள் வரும். நாடுகள் ஒன்றுசேர்ந்து உருவாக்கியதால் இவற்றை அரசுகளுக்கிடையிலான அமைப்பு என்பார்கள். இவற்றை எந்த ஒரு நாட்டின் நீதிமன்றத்திலும் நிறுத்த முடியாதபடி ஒரு பாதுகாப்பு உண்டு. அதற்குப் பெயர் விடுபாட்டுரிமை. யூ.என்.னுக்கு அது 1946 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வந்தது.

இது ஏன் என்று கேட்டால் பலர் "பெரிய இடம், அதுதான்" என்பார்கள். அப்படி இல்லை. யூ.என். சாசனத்தின் 100 ஆவது உறுப்புரை, ஊழியர்கள் எந்த அரசாங்கத்திடமும் கட்டளை கேட்கவோ பெறவோ கூடாது என்கிறது. 193 நாடுகள் உறுப்பினர். ஒவ்வொரு நாட்டு நீதிமன்றமும் "இவரை நிறுத்து, அவரை வை" என்று உத்தரவு போடலாம் என்றால், அந்த நாட்டு அரசாங்கம் ஊழியர்களின் வழியாக அமைப்பையே தன் கையில் எடுத்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் விடுபாட்டுரிமை. ஊழியரின் சொந்த வசதிக்காக அது தரப்படவில்லை என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. கடையில் கடன் வைத்துவிட்டு "நான் யூ.என்." என்று சொல்லித் தப்ப முடியாது.

ஊரில் யாரும் சொல்லாத பாதி இனித்தான் வருகிறது. அதே உடன்படிக்கை, இப்படி விடுபாடு பெறுகிற அமைப்பு தன்னோடு வருகிற பிணக்குகளைத் தீர்க்கத் தானே ஒரு வழியை ஏற்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. ரயிலுக்கு வீதிப் பொலிஸ் இல்லை, ஆனால் சிக்னல் உண்டு, கார்ட் உண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் உண்டு. யூ.என்.னுக்கு பொதுச்சபை நிறைவேற்றிய ஊழியர் ஒழுங்குவிதிகள் உண்டு. 2009 ஜூலை 1 முதல் நியூயோர்க், ஜெனீவா, நைரோபி ஆகிய மூன்று இடங்களிலும் இருந்து இயங்கும் பிணக்குத் தீர்ப்பாயம் உண்டு. அதன் தீர்ப்பு பிழை என்று பட்டால் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம். ஐ.எல்.ஓ., உலக சுகாதார நிறுவனம் போன்றவை வேறொரு தீர்ப்பாயத்துக்குப் போகும். அது 1927 இல், யூ.என்.னுக்கு முன்பிருந்த உலக நாடுகள் சங்கத்தின் காலத்திலேயே தொடங்கி, இன்று ஐ.எல்.ஓ. நிர்வாகத் தீர்ப்பாயம் என்ற பெயரில் ஜெனீவாவில் இருக்கிறது. உங்கள் வழக்கை நீங்கள் கிளிநொச்சியில் இருந்தே எழுத்தில் அனுப்பலாம். யூ.என். ஊழியருக்குச் சட்ட ஆலோசனை சொல்ல அதற்குள்ளேயே ஓர் அலுவலகமும் இருக்கிறது.

ஆகவே வழக்குப் போட முடியாது என்பது, இந்த நாட்டு நீதிமன்றத்தில் போட முடியாது என்ற அளவுக்குத்தான் சரி. முதலில் தெரிய வேண்டியது நீங்கள் நிற்பது வீதியிலா, தண்டவாளத்திலா என்பது.

தொப்பியில் உள்ள இலச்சினை

அலுவலகத்துக்குள் போனால் இன்னொரு சிக்கல். ஒரே வளவு, ஒரே கேட், ஒரே நீல இலச்சினை. ஆனால் உள்ளே இருப்பவர்கள் ஒரே வகை ஊழியர் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சர்வதேச ஊழியர் ஒரு வகை. உள்நாட்டில் எடுக்கப்பட்ட ஊழியர் இன்னொரு வகை, அதற்குள்ளும் தேசிய உத்தியோகத்தர், பொதுச்சேவை என்று இரண்டு. குறிப்பிட்ட ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வந்த ஆலோசகர் ஊழியரே அல்ல. கேட்டில் நிற்கும் காவலாளியும், சில இடங்களில் சாரதியும் கூட்டுகிறவரும், கொழும்பிலுள்ள ஏதோ ஓர் ஆளணிக் கம்பனியின் ஆட்கள். தொப்பி யூ.என். தொப்பி, முதலாளி கம்பனி.

இந்த வகை எதுவென்று தெரியாமல் ஒரு விதியையும் பொருத்திப் பார்க்க முடியாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தாலும் கம்பனி ஆள் நிற்பது வீதியில்தான். அவருக்கு உள்ளூர்ச் சட்டம்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி நியமனக் கடிதம். அதில் வேலை தருகிறவர் யார், எந்த வகை ஒப்பந்தம், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்த விதிகளுக்கு உட்பட்டது என்று நான்கு விஷயம் இருக்கும். சம்பள வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பம் வைக்கிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். பிழை சொல்லவில்லை. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் வரும், திங்கள் வேலை தொடங்க வேண்டும்.

அவருக்கு ஏன் அவ்வளவு, எனக்கு ஏன் இவ்வளவு

சம்பளம் பற்றிய மனத்தாங்கல் எல்லா அலுவலகத்திலும் உண்டு. காரணத்தைத் தெரிந்துகொண்டால் கோபம் குறையாது, ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியும்.

யூ.என்.னில் இரண்டு கொள்கைகள் நடைமுறையில் இருக்கின்றன. சர்வதேச ஊழியரின் சம்பளத்துக்கு நோபிள்மேர் கொள்கை. 1920 களில் உலக நாடுகள் சங்கத்தில் தொடங்கியது. எந்த நாட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்றால் மிக நல்ல சம்பளம் கொடுக்கும் நாட்டின் அரச ஊழியருக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. இன்று அந்த அளவுகோல் அமெரிக்க மத்திய அரசின் ஊழியர் சம்பளம். உள்நாட்டில் எடுக்கப்படுகிறவருக்கு 1949 இல் வந்த ஃபிளெமிங் கொள்கை. அந்த இடத்தில் நல்ல சம்பளம் தருகிற வேலைவழங்குநர்கள் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, அவர்களோடு ஒத்துப்போகும்படி வைப்பது. ஒருவருக்கு வாஷிங்டன் தராசு, மற்றவருக்குக் கொழும்புத் தராசு. இரண்டு பேரும் ஒரே மேசையில் ஒரே அறிக்கையை எழுதலாம். தராசை வைத்தவர் உங்கள் கிளிநொச்சி முகாமையாளர் இல்லை.

பணத்தோடு இந்த வேறுபாடு முடிந்திருந்தால் நல்லது. 2008 செப்டெம்பரில் அரசாங்கம் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னபோது யூ.என்.னும் மற்ற நிறுவனங்களும் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு இறங்கின. சர்வதேச ஊழியர்கள் வாகனத் தொடரில் போனார்கள். உள்ளூர் ஊழியர்கள் பலரும் அவர்களின் குடும்பங்களும், வெளியேறுவதற்கு விடுதலைப் புலிகளின் அனுமதி கிடைக்காமல், உள்ளேயே நின்றார்கள். ஆபத்து வேளையில் ஒரு நாட்டிலிருந்து வெளியேற்றுவது முதலில் சர்வதேச ஊழியருக்கான ஏற்பாடு, உள்ளூரில் எடுக்கப்பட்டவருக்கு அது விதிவிலக்காகத்தான் என்பது வெகுகாலமாக எழுத்தில் இருந்த விதி. அதுவரை அந்த வரியை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? போரின் கடைசி மாதங்களில் தான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி யூ.என். தன் சொந்த உள்ளக மீளாய்வு அறிக்கையை 2012 நவம்பரில் வெளியிட்டது. அது தன்னையே கடுமையாகக் குறை சொன்ன அறிக்கை. ஊழியர்மீது நிறுவனத்துக்கு இருக்கும் பாதுகாப்புப் பொறுப்பு என்ற சொல்லை இப்போது எல்லா நிறுவனத்தின் கொள்கைப் புத்தகத்திலும் காணலாம். வேலைக்காக ஊழியர் எதிர்கொள்ளும் ஆபத்தை முன்கூட்டியே எண்ணிக் குறைக்க வேண்டிய கடமை என்பது அதன் பொருள். நேர்முகப் பரீட்சையில் "உங்களுக்கு ஏதும் கேள்வி இருக்கிறதா" என்று கேட்பார்கள் அல்லவா, இந்த வரி உள்ளூர் ஊழியருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேளுங்கள்.

முடிவதும் நிறுத்துவதும்

வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறார். கதிர் முற்றும் முன் நடுப்போகத்தில் எழும்பிப் போகச் சொன்னால் அது வேறு. ஒப்பந்தமும் இப்படித்தான். திகதி வந்து முடிவது ஒன்று, திகதிக்கு முன் நிறுத்துவது இன்னொன்று. ஊரில் இரண்டுக்கும் "நிப்பாட்டிப்போட்டாங்கள்" என்ற ஒரே சொல்.

யூ.என்.னில் நிலையான தவணை ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட திகதியில் தானாக முடிகிற நியமனம். அது புதுப்பிக்கப்படும் என்று எதிர்பார்க்க உரிமை இல்லை என்று ஊழியர் ஒழுங்குவிதியே சொல்கிறது. பத்து முறை புதுப்பித்திருந்தாலும் பதினோராவது முறைக்கு அது உறுதி இல்லை. இருந்தாலும் ஒரு பிடி உண்டு. புதுப்பிக்காததற்கு நிர்வாகம் ஒரு காரணம் சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். பணம் முடிந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் அதே கதிரைக்கு வேறொருவரை எடுத்தால் தீர்ப்பாயம் கேள்வி கேட்கும். ஓய்வூதியத்துக்கு ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி இல்லை, யூ.என். கூட்டு ஓய்வூதிய நிதி உண்டு. ஓய்வூதியக் கணக்குக்குரிய சம்பளத்தில் ஊழியர் 7.9 வீதம், நிறுவனம் 15.8 வீதம் போடும்.

வீதியில் நிற்கிறவர்களுக்கு, அதாவது என்.ஜி.ஓ. ஊழியருக்கும் கம்பனி ஆளுக்கும், கணக்கு வேறு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், வேலைவழங்குநர் 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேலைவழங்குநர் மட்டும் 3 வீதம், அது உங்கள் சம்பளத்தில் வெட்டப்படக் கூடாது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. வேலை விட்டுப் போகும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்கும் தொகை அது. நீங்களாக விலகினாலும் உண்டு. இதைத் தெரியாமல் விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்!

திகதிக்கு முன் நிறுத்துவதற்கு 1971 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கடிவாளம் போடுகிறது. அதே 15 பேர் கணக்கு. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த வேண்டுமென்றால், அவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். டோனர், அதாவது கொடையாளர், தரும் பணம் நின்றது என்பது அனுமதி கேட்பதற்கு ஒரு காரணமாகலாம், கேட்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. வருடா வருடம் புதுக் கடிதம் கொடுத்து ஒரே வேலையில் வைத்திருந்தவரின் விவகாரம், வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குப் போனால், அது கடிதத்தின் சொல்லோடு மட்டும் நிற்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நியாயமான நிவாரணம் கொடுக்க அதற்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு.

சுருக்கமாக, தண்டவாளத்தில் இருப்பவருக்குத் தவணை முடிவு என்பது பெரும்பாலும் முடிவுதான். வீதியில் இருப்பவருக்குத் தவணை முடிந்த பிறகும் பேச இடம் இருக்கலாம்.

முறைப்பாடு எந்தக் கதவுக்கு

மத்தியஸ்த சபைக்குப் போயிருப்பீர்கள், அல்லது போனவரைத் தெரியும். வேலிப் பிரச்சினை, கடன் பிரச்சினைக்கெல்லாம் முதலில் அங்கேதான். சபை தீர்ப்புச் சொல்லாது. இருவரையும் இருத்திப் பேசவைத்து, ஒத்துவந்தால் எழுதிக் கொடுக்கும். வராவிட்டால் நீதிமன்றம். சர்வதேச அமைப்பிலும் இந்த இரண்டு படி உண்டு. மத்தியஸ்த சபையின் இடத்தில் ஒம்புட்ஸ்மன். நிர்வாகத்தின் கீழ் இல்லாமல், நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லாமல், இடையில் நின்று பேசுகிற குறைகேள் அதிகாரி. அவரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

முறையான கதவுக்குப் போகும்போது முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் குறை ஒரு முடிவைப் பற்றியதா, ஒருவரின் நடத்தையைப் பற்றியதா? "எனக்குப் பதவி உயர்வு தரவில்லை" என்பது முடிவு. "என்னை எல்லோர் முன்னும் தூசணத்தால் ஏசினார்" என்பது நடத்தை. முடிவைப் பற்றியது என்றால் மீளாய்வுக்குப் போகும். நடத்தை என்றால் விசாரணைக்குப் போகும். நான் பார்த்த முறைப்பாட்டுக் கடிதங்களில் பாதி இரண்டையும் ஒரே கடிதத்தில் குழைத்து, கூடவே 2011 இல் லீவு தராத கதையையும் சேர்த்து, ஆறு பக்கத்துக்கு இருக்கும். வாசிக்கிறவருக்கு எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாது. திறக்காமலே விட்டுவிடுவார்.

விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு. என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் தர வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும், தண்டனை பிழையின் அளவுக்குள் இருக்க வேண்டும். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்வது பணி இடைநிறுத்தம். அது தண்டனை இல்லை. கண்ணிவெடி வயலில் பாதுகாப்பு விதியை மீறினார் என்று சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே ஒருவரை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். விசாரணையில் அவர்மேல் பிழை இல்லை என்றும் வரலாம். ஆனால் "வேலையால நிப்பாட்டிட்டாங்களாம்" என்று அன்று பின்னேரமே ஊர் தீர்ப்பெழுதி முடித்துவிடும்.

இதுதான் வன்னியில் இந்த வேலையின் கடினமான பக்கம். கொள்கைப் புத்தகம் ஜெனீவாவில் எழுதப்படுகிறது. அங்கே முறைப்பாடு செய்கிறவர், செய்யப்பட்டவர், விசாரிக்கிறவர் மூவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறார்கள். இங்கே மூவரும் ஒரே பள்ளிக்கூடம், அல்லது ஒருவர் மற்றவரின் மச்சான். காலையில் மூடிய உறையில் வைத்துக் கொடுத்த கடிதம் மத்தியானத்துக்குள் பரந்தன் சந்திக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு பெண் கள உத்தியோகத்தர் தன் மேலதிகாரியின் தொல்லையைப் பற்றி எழுதிக் கொடுக்கத் தயங்கினால், அவருக்கு விதி தெரியாது என்று நினைக்காதீர்கள். விதி தெரியும், ஊரும் தெரியும். என்னிடம் வந்த ஒருவர் கதவைச் சாத்திவிட்டு முதலில் கேட்டது, "அண்ணா, இதை ஆர் ஆர் வாசிப்பினம்?" என்று. நல்ல கேள்வி. அந்தப் பெயர்ப் பட்டியலைச் சொல்ல முடியாத எச்.ஆரிடம் கடிதம் கொடுக்கக் கூடாது. பட்டியலில் உறவுக்காரர் இருந்தால் அவர் விலக வேண்டும், அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. நம்பிக்கை இல்லாவிட்டால் கொழும்பு அலுவலகத்துக்கோ தலைமை அலுவலகத்துக்கோ நேரடியாக அனுப்பும் வழி பெரிய அமைப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. முறையிட்டதற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றம் என்று யூ.என். விதிகள் சொல்கின்றன.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். முறையிடும் உரிமை ஊழியருக்கு மட்டும் இல்லை. உதவி பெறுகிற சனத்துக்கும் உண்டு. 2003 இல் யூ.என். செயலாளர் நாயகம் வெளியிட்ட விதி, உதவிக்கோ வேலைக்கோ பணத்துக்கோ பதிலாகப் பாலுறவு கேட்பதைத் தடை செய்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவரோடு என்றால் நாட்டுச் சட்டம் என்ன வயது சொன்னாலும் தடைதான். வேலை நேரம் முடிந்த பிறகு என்ற சாட்டு அதில் எடுபடாது.

திகதி

மிச்சம் இருப்பது மிகச் சின்ன விஷயம், ஆனால் அதிகம் பேர் விழுவது இதில்தான். சிறுபோகத் தண்ணீருக்குக் கடைசித் திகதி இருப்பது போல முறைப்பாட்டுக்கும் உண்டு. யூ.என்.னில் ஒரு முடிவு உங்களுக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்காட்டி நாட்களுக்குள் முகாமைத்துவ மீளாய்வு கேட்க வேண்டும். அந்த முடிவைத் திரும்பப் பார்க்கும்படி அமைப்பிடமே எழுத்தில் கேட்பது அது. அதன் பதில் வந்த பிறகு தீர்ப்பாயத்துக்குப் போக 90 நாள். வீதியில் நிற்கிறவருக்கு, வேலை நிறுத்தப்பட்டதிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபை.

"அவர் நல்ல மனுசன், பேசிப் பாப்பம்" என்று இரண்டு மாதம் போய்விடும். பேசுவது நல்லதுதான். ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தின் ஊடாக முறையாக நடக்கும் சமரச முயற்சிக்காகக் காலத்தை நீட்டவும் கூடும். கன்ரீனில் பிளேன்டீ குடித்துக்கொண்டு பேசியது அந்தக் கணக்கில் வராது.

சாரதித் தம்பி இரண்டு நாள் கழித்துக் கடிதத்தோடு வந்தார். மடித்து மடித்து நாலாகக் கிழியும் பருவத்தில் இருந்தது. தலைப்பில் யூ.என். இல்லை, ஓர் ஆளணிக் கம்பனியின் பெயர் இருந்தது. ஏழு வருடம் யூ.என். வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எச்.ஆரில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்திருந்தாலும் அவர்கள் வேறொரு நிறுவனத்தின் எச்.ஆர்.

"எப்ப நிப்பாட்டினவங்கள்?" என்று கேட்டேன்.

"நாலு மாசமாச்சு அண்ணை."

இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சம்பளச் சிட்டை, ஈ.பி.எஃப். இலக்கம், வங்கிப் புத்தகம் மூன்றையும் தேடி எடுக்கச் சொன்னேன். திங்கட்கிழமை தொழில் அலுவலகத்துக்குப் போனோம்.